புரிந்தது என்ற பொத்தான்

செங்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இரண்டாவது கடை ஆவுடைச்செல்வியினுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று வெளியே போர்டு இருக்கும். குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேடுகிறவர்கள் அந்தக் கடையைத் தாண்டி நேராகக் குற்றாலத்துக்குப் போய்விடுவார்கள். போகட்டும்.

ஆவுடைச்செல்விக்கு வயது முப்பத்தாறு. தேடி வருகிற சீடர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். எல்லோரும் ஆன்லைனில் வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள்.

அவரிடம் இருந்த தகுதி ஒன்றே ஒன்று. பத்தொன்பது ஆன்லைன் வகுப்புகளில் சேர்ந்து, பத்தொன்பதையும் பாதியில் விட்டவர்.

விடுவதை யாரும் செய்யலாம். நானே இரண்டு விட்டிருக்கிறேன். கேட்டால் நேரமில்லை என்பேன். ஆவுடைச்செல்வி அப்படிச் சொல்ல மாட்டார். எந்தப் பாடத்தில், எந்த நிமிஷத்தில், எந்த வார்த்தையில் தனக்கு வழி தவறியது என்று சொல்லுவார். அவர் விட்டுப்போன இந்தி வகுப்பின் ஆசிரியை ஒருமுறை ஏன் என்று கேட்டு எழுதினார். இவர் நாலு வரி பதில் போட்டார். அந்த நாலு வரிக்குப் பிறகு அந்த வகுப்பை விட்டு அதிகம் பேர் போகவில்லை. விஷயம் ஆசிரியர்களுக்குள் பரவிவிட்டது.

தங்கையா வந்தது சாரல் தொடங்கிய வாரம். ஒரு வியாழக்கிழமை காலை, குடையை மடக்கிக்கொண்டு கடை வாசலில் நின்றார். அறுபது வயது. ஒரு கையில் பை, சட்டைப் பையில் ஒரு கடிதம்.

"டீச்சர் இருக்காங்களா?"

"நான்தான் சார். உள்ள வாங்க."

லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. சீடர்களின் இடம் அதுதான். உட்கார்ந்தார்.

சாத்தான்குளம் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்தோரு வருஷம் கைத்தொழில் ஆசிரியராக இருந்தவர் அவர். ஒயர் கூடை பின்னுவதில் அவர் கையை மிஞ்ச ஆள் கிடையாது. ஓய்வு பெற்றபின் மகள் சொன்னாள் என்று பன்னிரண்டு பாடங்களில் ஓர் ஆன்லைன் வகுப்பு தொடங்கினார். இருநூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள்.

"அஞ்சாம் பாடத்துல போயிருதாங்க டீச்சர். மூலை திருப்புத பாடம். அதுவரைக்கும் ஒழுங்கா வாராங்க. அங்க வந்ததும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா காணோம்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அஞ்சாம் பாடத்தை நாலு தடவை மாத்தி எடுத்தேன். மெதுவா எடுத்தேன். கிட்டத்துல வச்சு எடுத்தேன். கடைசியில மக சொன்னான்னு பின்னால புல்லாங்குழல் சேர்த்தேன்."

"அப்புறம்?"

"புல்லாங்குழலுக்கு அப்புறம் இன்னும் வேகமா போனாங்க."

ஆவுடைச்செல்வி சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

தங்கையா பையிலிருந்து போனை எடுத்தார். "மத்தவங்க போனது கூடப் பரவாயில்ல. விளாத்திகுளத்துல சொர்ணம்னு ஒரு பொம்பளப்பிள்ள. ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னி போட்டோ அனுப்பும். மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக ஒரு கூடை பின்னணும்னு சேர்ந்துச்சு. அதுவும் அஞ்சாம் பாடத்துல போயிட்டு. கடைசியா என்ன எழுதிச்சுன்னு பாருங்க."

ஆவுடைச்செல்வி வாங்கிப் படித்தார். 'எனக்குக் கை வராது சார். மன்னிச்சிருங்க.'

"முப்பத்தோரு வருஷத்துல என் வகுப்புலேர்ந்து ஒரு பிள்ள எந்திரிச்சுப் போனதில்ல" என்றார் தங்கையா. "இப்ப உள்ள ஆட்களுக்கு ஏன் டீச்சர் பொறுமை இல்ல?"

கேள்வி கேட்டாயிற்று. குரு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

தங்கையா சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "ஞாயித்துக்கிழமையோட வகுப்பை மூடுதேன். போன இருநூத்து முப்பத்தோரு பேருக்கும் இதை அனுப்பப்போறேன். நீங்க ஒரு தடவை படிச்சுப் பாத்து, ஒரு பிரதி எடுத்துக் குடுங்க."

அழகான கையெழுத்து. 'பொறுமையும் கற்கும் ஆர்வமும் இல்லாதவர்களுக்காக என் கடைசிக் காலத்தை வீணாக்க விரும்பவில்லை' என்று தொடங்கி ஒரு பக்கம் நிறைய இருந்தது. அதைச் சொர்ணமும் படிப்பார். படித்துவிட்டு, தான் நினைத்தது சரிதான் என்று இருந்துவிடுவார்.

ஆவுடைச்செல்வி கடைசிவரை படித்தார். மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கே சார். அதுவரைக்கும் இது இங்க இருக்கட்டும்."

தங்கையாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றார்.

அப்போது ஒருவர் ஓர் அடையாள அட்டையோடு வந்தார். ஆவுடைச்செல்வி பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"உங்க பேரை வாசிங்கண்ணே."

அவர் வாசித்தார்.

"அப்பா பேரை வாசிங்க."

அவர் தாளைக் கிட்டே கொண்டுபோனார். "அப்பா பேரு பாதிதான் விழுந்திருக்கு."

ஆவுடைச்செல்வி அட்டையை நகர்த்தி வைத்து வேறு பிரதி எடுத்துக் கொடுத்தார். அவர் போனார். அடுத்து வந்த பெண்ணிடமும் அதேபோல் ஊர்ப் பெயரை வாசிக்கச் சொன்னார். அதற்கடுத்த பையனிடம் பிறந்த தேதியை. ஒவ்வொருவருக்கும் நேரம் ஆனது. வாசலில் ஆட்கள் சேர்ந்தார்கள்.

தங்கையா வேலை சுத்தமாக நடக்கவேண்டும் என்று நினைக்கிறவர். பொறுக்க முடியவில்லை.

"எதுக்கு டீச்சர் இவ்வளவு நேரம்? சரியா இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சுபோகுமே."

"கேட்டா, சரியா இருக்குன்னு சொல்லிருவாங்க சார்."

அவ்வளவுதான் சொன்னார். தங்கையா தலையாட்டினார்.

கூட்டம் குறைந்ததும் ஆவுடைச்செல்வி தன் போனை எடுத்து, தங்கையாவின் வகுப்பில் பெயரைப் பதிந்து சேர்ந்தார்.

"ஒயர் கொண்டு வந்திருக்கீங்களா?"

பையில் இரண்டு கட்டு இருந்தது. ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை.

"குடுத்துட்டு, எதிர்ல டீக்கடை பெஞ்சுல போய் உக்காருங்க சார்."

"நான் பக்கத்துல இருந்தா சொல்லிக் குடுப்பேனே."

"அதனாலதான் சொல்லுதேன். சொர்ணத்துக்குப் பக்கத்துல நீங்க இல்லையே."

அறுபது வயது வாத்தியாரை இப்படி எதிர்க்கடைக்கு அனுப்ப எல்லோருக்கும் தைரியம் வராது. அதைக் கேட்டு எழுந்து போகவும் எல்லோருக்கும் மனசு வராது. தங்கையா போய் உட்கார்ந்தார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

அன்று பகல் முழுக்க ஆவுடைச்செல்வி வேலைக்கு நடுநடுவே பின்னினார். போனை ஜெராக்ஸ் மெஷின்மேல் சாய்த்து வைத்திருந்தார். தங்கையாவின் குரல் சந்துக்கு அப்பால் டீக்கடைவரை கேட்டது. 'வலது கை ஒயரை மேலே கொண்டுவந்து, இடது கை ஒயருக்குள்ளே நுழைத்துவிடுங்கள்.' தெளிவான குரல். அவசரமே இல்லாத குரல். தன் பாடத்தைத் தானே தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டு தங்கையா இரண்டு டீ குடித்தார்.

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் 'புரிந்தது' என்று ஒரு பச்சைப் பொத்தான் வரும். அதை அழுத்தினால்தான் அடுத்த பாடம் திறக்கும். ஆவுடைச்செல்வி அழுத்தினார். சாயங்காலத்துக்குள் மூன்று பாடம் முடிந்தது.

கடை சாத்தும் நேரத்தில் தங்கையா வந்தார். கூடையின் அடிப்பகுதி மேஜைமேல் பச்சையும் வெள்ளையுமாகத் தட்டையாகக் கிடந்தது.

"புரிஞ்சுதா டீச்சர்?"

"புரிஞ்சது சார்."

தங்கையாவின் முகம் மலர்ந்தது. தென்காசியில் தம்பி வீட்டுக்கு நிம்மதியாகப் போனார்.

மறுநாள் பதினொரு மணி சுமாருக்கு ஆவுடைச்செல்வி கடை வாசலில் வந்து நின்று கையசைத்தார். தங்கையா டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தார்.

மேஜைமேல் கூடை இருந்தது. அடிப்பகுதியிலிருந்து சுவர் நாலு விரல் உயரம் எழும்பியிருந்தது. ஒரு மூலை மேலே தூக்கிக்கொண்டும் இன்னொரு மூலை உள்ளே மடங்கியும் கோணலாக நின்றது.

"அஞ்சாம் பாடம்" என்றார் ஆவுடைச்செல்வி. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குக் கை வராது சார். மன்னிச்சிருங்க" என்றார்.

தங்கையா அப்படியே நின்றுவிட்டார். அவர் போனில் அந்த வார்த்தைகள் ஒரு மாதமாக இருக்கின்றன. ஒரு மாதமாக அவர் அவற்றைப் பொறுமையில்லாதவளின் சாக்கு என்று படித்திருந்தார். இப்போது சொன்னவர் எதிரிலேயே நின்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க. கை வராம என்ன? மெஷினைப் பிரிச்சு மாட்டுத கை. குடுங்க, எங்க தப்புன்னு பாப்போம்."

கூடையைக் கையில் எடுத்தார். எடுத்ததும் ஆளே மாறிவிட்டார். மூலையை விரலால் தடவினார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். முப்பத்தோரு வருஷத்துக் கண் அந்தக் கூடைக்குள் இறங்கியது. பார்க்க அழகாக இருந்தது.

"மூலையில ஒண்ணும் தப்பில்லயே" என்றார். "தப்பு அடியில இருக்கு. இந்த முடிச்சு இந்தப் பக்கம் சாயுது. பக்கத்து முடிச்சு அந்தப் பக்கம் சாயுது. தரையில படுத்துக் கெடக்கும்போது தெரியாது. சுவர் எழும்பும்போதுதான் கோணும்."

"அப்ப அஞ்சாம் பாடத்துல தப்பில்லையா?"

"இல்ல. இது முதல் பாடத்துலயே..."

பாதியில் நிறுத்திவிட்டார். நாலு தடவை மாற்றி எடுத்தது எந்தப் பாடம் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஏன் டீச்சர் இப்படி மாத்தி மாத்திப் போட்டீங்க?"

"சில முடிச்சு நீங்க சொன்னதைக் கேட்டுப் போட்டேன். சில முடிச்சு நீங்க செஞ்சதைப் பாத்துப் போட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

ஆவுடைச்செல்வி முதல் பாடத்தை ஓடவிட்டு போனை அவரிடம் கொடுத்தார். தங்கையா பார்த்தார். இரண்டு கைகள் மடிமேல் பின்னிக்கொண்டிருந்தன. முகம் இல்லை, கைகள் மட்டும். மாணவன் தன் மடியைத் தானே குனிந்து பார்ப்பதுபோல் இருக்கவேண்டும் என்று யோசித்து, தலைக்குமேல் கம்பி கட்டிப் போனைத் தொங்கவிட்டு எடுத்த பாடம் அது.

"நல்லாத்தான இருக்கு" என்றார்.

"இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

"சார், மணி என்ன?"

தங்கையா இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "பதினொண்ணு இருபது."

"போன்ல இருக்கவர்கிட்ட கேட்டா எந்தக் கையைத் திருப்புவார்?"

தங்கையா போனைப் பார்த்தார். அதிலிருந்த வாட்ச் வலது கையில் இருந்தது.

சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவர் தன் கையையும் பார்த்தார், போனையும் பார்த்தார். பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். தனியாகப் படம் எடுப்பவர் அவர். கைகள் படத்துக்குள் விழுகின்றனவா என்று தெரியவேண்டும். அதனால் போனின் திரை தன்னைப் பார்க்கும்படி தொங்கவிட்டு, முன்பக்கக் கேமராவில் எடுத்தார். அந்தப் போனின் முன் கேமரா முகம் பார்க்கும் கண்ணாடியைப்போல வலத்தை இடமாகக் காட்டும், காட்டியபடியே பதியும். தலை வாரும்போது கண்ணாடியைப் பார்த்து யாரும் குழம்புவதில்லை. அவரும் குழம்பவில்லை. பன்னிரண்டு பாடங்களிலும் வாய் வலது என்று சொல்ல, படத்தில் கை இடதைச் செய்திருக்கிறது.

"இருநூத்து நாப்பது பேரு" என்றார் தங்கையா.

ஆவுடைச்செல்வி கூடையை நகர்த்தி வைத்தார்.

தங்கையா நிமிர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரோடு வாதாடுகிற தோரணை திரும்பியிருந்தது. "இருங்க. அப்ப அந்த ஒன்பது பேரு? அவங்க முடிச்சாங்களே. பொறுமையா கவனிச்சவங்களுக்கு வந்திருக்குல்லா?"

"கேட்டுப் பாருங்க. எந்தக் கையால எழுதுவீங்கன்னு கேளுங்க."

தங்கையாவிடம் ஒன்பது பேரின் எண்ணும் இருந்தது. முதலில் சங்கரன்கோவில் ராஜலிங்கத்தைக் கூப்பிட்டார். ஆவுடைச்செல்விக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். ராஜலிங்கம் குரலைக் கேட்டதும் ஆடிப்போனார், சார் கூப்பிட்டுவிட்டாரே என்று. கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்.

"இடது கை சார். சோத்துக்கு மட்டும் வீட்டுல அடிச்சு மாத்தி விட்டுட்டாங்க."

"நான் வலது வலதுன்னு சொன்னேனே. உங்களுக்குக் குழம்பலையா?"

"எங்கள மாதிரி ஆளுகளுக்கு யாரு வலதுன்னு சொன்னாலும் இடதுன்னுதான் சார் காதுல விழும். பழகிட்டு. கைய மட்டும் பாத்துப் பின்னிட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "நீங்களும் நம்ம ஆளுன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு சார்."

தங்கையா நன்றி சொல்லி வைத்தார். ராஜலிங்கத்தின் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை.

இரண்டாவது ஆள் இடது கை. மூன்றாவதும். ஏழு பேர் இடது கை. எட்டாவது ஒரு பெண், வலது கைக்காரர். கைக்குழந்தை முழித்துவிடும் என்று பன்னிரண்டு பாடங்களையும் சத்தம் இல்லாமல் பார்த்திருந்தார். "உங்க குரலை இப்பதான் சார் முதல்தடவையா கேக்கேன்" என்றார்.

ஒன்பதாவது பர்வீன், காயல்பட்டினத்தில் கல்லூரியில் படிக்கிறவள்.

"நான் வலது கைதான் சார்."

"சத்தத்தோடதான பாத்த?"

"ஆமா சார்."

"பின்ன எப்படிம்மா வந்துச்சு?"

"அது வந்து சார்..." என்று இழுத்தாள். தங்கையா மறுபடி கேட்டார்.

"மூணாம் பாடத்துல தெரிஞ்சுபோச்சு சார், படம் மாறி விழுந்திருக்குன்னு. முதல்லேர்ந்து பிரிச்சிட்டு, அலமாரிக் கண்ணாடிக்கு எதிர்ல போனை வச்சு, கண்ணாடியில தெரியுததைப் பாத்துப் பின்னினேன்."

ஆவுடைச்செல்வி கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்துவிட்டார். பத்தொன்பது வகுப்பை விட்டவருக்கு, விடாமல் இருக்க ஒரு பெண் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றார் தங்கையா. குரலில் கோபம் இல்லை.

"நீங்க சார். நான் எப்படிச் சொல்ல? குழுவுல எல்லாரும் சூப்பர் சார், அருமை சார்னு போடுதாங்க. நான் மட்டும் எப்படி? பாடம் முடிஞ்சா அங்கயும் புரிந்ததுன்னு ஒரே ஒரு பொத்தான்தான சார் இருந்துச்சு."

அந்தப் பொத்தானைக் கேட்டு வாங்கி வைத்தவர் தங்கையாதான். முப்பத்தோரு வருஷமும் அவர் வகுப்பு அப்படித்தான் முடியும். புரிஞ்சுதா என்பார். புரிஞ்சது சார் என்று நாற்பது குரல் சேர்ந்து வரும்.

போனை வைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு சும்மா நிக்க மாட்டேன் டீச்சர்" என்றார். "பெஞ்சு பெஞ்சா நடப்பேன். நடக்கும்போதே கையைப் பிடிச்சுத் திருப்பி விட்டுருவேன். புரிஞ்சது சார்னு கத்தின பயலுக்கும் திருப்பி விடுவேன். ஆன்லைனுக்கு வரும்போது கேக்குததை எடுத்துட்டு வந்துட்டேன். நடந்ததை அங்கயே விட்டுட்டேன்."

பிறகு அவராகவே சொர்ணம் அனுப்பிய போட்டோக்களைத் திறந்தார். முதல் பாடத்து அடிப்பகுதி, சிவப்பும் மஞ்சளும். இரண்டு விரலால் பெரிதாக்கினார். ஒரு முடிச்சு இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அடுத்தது அந்தப் பக்கம். போட்டோவுக்குக் கீழே அவர் அன்று போட்ட பதில் இருந்தது. மிக நன்று.

தங்கையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய நேரமாயிற்று.

மூன்றாம் நாள், சனிக்கிழமை. ஆவுடைச்செல்வி இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கூடவே ஒரு பேனாவும். வாசலில் நின்ற ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

தங்கையா தன் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்தார். தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் எழுதினார்.

'அன்புள்ள மாணவர்களுக்கு, உங்கள் கைகளில் குறை இல்லை. என் படத்தில் வலமும் இடமும் மாறியிருந்தன. உங்களில் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். சொல்ல நான் இடம் வைக்கவில்லை. பன்னிரண்டு பாடங்களையும் புதிதாக எடுக்கிறேன். பொத்தானை எடுத்துவிடுகிறேன். இனி ஒவ்வொரு பாடம் முடிந்ததும் நீங்கள் போட்ட கடைசி முடிச்சைப் படம் எடுத்து அனுப்புங்கள். நான் பெரிதாக்கிப் பார்ப்பேன். தங்கையா.'

இந்த முறை ஒரு பக்கம் நிறையவில்லை.

அனுப்புவதற்கு முன் ஒருவரிடம் தன் வாயாலேயே சொல்லவேண்டும் என்றார். கடைக்கு வெளியே போய் ஓட்டுக்குக் கீழே நின்று, விளாத்திகுளத்துக்குப் போன் போட்டார். சாரல் இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் வைத்திருந்தார். அதனால் கடைக்குள்ளும் கேட்டது.

"சொர்ணமா? நான் தங்கையா பேசுதேன்."

"சார்." பதறிய குரல். "மன்னிச்சிருங்க சார், நான் பாதியில..."

"நீ மன்னிப்புக் கேக்காத. கேக்கவேண்டியது நான்."

நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. மிக நன்று என்று போட்டதையும் சொன்னார்.

"சொர்ணம், கேக்குதா?"

"கேக்குது சார்." சொர்ணத்தின் குரல் தாழ்ந்தது. "எங்க வீட்டுல, எங்க தெருவுல எல்லார்கிட்டயும் எனக்குக் கை வராதுன்னு சொல்லிட்டேனே சார். என் மக கேட்டதுக்குக்கூட அப்படித்தான் சொன்னேன்."

தங்கையா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எனக்குக் கை வருமா சார்?"

"உனக்கு வந்தாச்சும்மா. நான் ரெண்டு விதமா சொன்னேன், நீ ரெண்டையும் ஒழுங்கா செஞ்சிருக்க."

சொர்ணம் அழுகிறார் என்றுதான் கடைக்குள் தோன்றியது. இல்லை, சிரித்திருக்கிறார்.

"அந்த ஒயரைப் பிரிச்சு வாசல்ல துணி காயப்போடக் கொடி கட்டிட்டேன் சார்."

"அதனால என்ன. வேற வாங்கிக்கிடலாம்."

"வேண்டாம் சார். துணி காஞ்சதும் அவுத்துருதேன்."

தங்கையா உள்ளே வந்து கடிதத்தின் பின்பக்கத்தைக் கொடுத்தார். ஆவுடைச்செல்வி அதை ஸ்கேன் செய்து அவர் போனுக்கு அனுப்பினார். அங்கிருந்து அது இருநூற்று முப்பத்தொன்பது பேருக்குப் போயிற்று. பர்வீனுக்கு மட்டும் தனியாக, புதிய பாடங்களை வெளியிடுமுன் பார்த்துத் தவறு சொல்ல வரமுடியுமா என்று கேட்டு எழுதினார்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. பையையும் குடையையும் எடுத்துக்கொண்டவர் வாசலில் நின்றார். போகாமல் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"நிமிஷக் கணக்குல தப்பைச் சொல்லுத ஆளு நீங்க. முதல் நாள் முதல் பாடத்துலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு நாள் மிச்சமாயிருக்குமே. ஏன் சொல்லல?"

ஆவுடைச்செல்வி மெஷினின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

"சொல்லியிருந்தா, புரிஞ்சதுன்னு சொல்லிட்டு அடுத்த பஸ் ஏறியிருப்பீங்க சார்."